கடைசி வீட்டுக்கு வரும் தண்ணீர்

காஜா பெராங் பகுதியில் நாங்கள் குடியிருந்தது ஆறு வீடுகள் கொண்ட ஒரு வரிசை. பலகைச் சுவர், தகரக் கூரை. எங்களுடையது கடைசி வீடு. வீடுகளின் பின்பக்கத்தை ஒட்டி ஒரே ஒரு சிமெண்டுக் கால்வாய் ஓடியது. லோங்காங் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அது முதல் வீட்டில் தொடங்கி, ஒவ்வொரு வீட்டின் சமையற்கட்டுத் தண்ணீரையும் குளியலறைத் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் குளியலறை ஓரத்தில் ஒரு குழாய்க்குள் நுழையும். குழாய் சந்துக்கு அடியில் போய்ப் பெரிய லோங்காங்கில் சேரும். அங்கிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து கடலுக்கு.

கடைசி வீட்டுக்காரன் என்பதால், யார் வீட்டில் என்ன சமையல் என்று கேட்காமலே எனக்குத் தெரியும். தேங்காய்ச் சக்கையும் வாசனைக்குப் போடும் பண்டான் இலைக் கீற்றும் மிதந்து வந்தால் முதல் வீட்டுச் செட்டி அம்மா பலகாரம் செய்கிறார். உளுந்துத் தோல் வந்து, அதன் பின்னாலேயே எண்ணெய்ப் படலம் வானவில் மாதிரி நெளிந்து வந்தால், மூன்றாம் வீட்டு வடைக்கார அக்கா அன்றைய வியாபாரத்தை முடித்துச் சட்டியைக் கழுவிவிட்டார். நான்காம் வீட்டு லோரிக்காரர் தனியாள். அவர் வீட்டிலிருந்து மீன் தலையும் தேயிலைச் சக்கையும் வரும். பாத்திரம் தேய்த்த சாம்பலும் தேங்காய் நாரும் எல்லா வீட்டிலிருந்தும் வந்தன. எங்கள் வீட்டிலிருந்தும்தான்.

அவர்கள் அசுத்தமான மனிதர்கள் இல்லை. அந்த வரிசைப் பெண்கள் மாதிரி வீட்டைக் கூட்டித் துடைத்தவர்களை நான் பார்த்ததில்லை. கூட்டியதையெல்லாம் லோங்காங்கில் தள்ளி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். பாதிப் பேர் தோட்டத்து லயங்களிலிருந்து வந்தவர்கள். அங்கே லயத்துக் கால்வாய் சரிவில் இறங்கி ரப்பர் மரங்களுக்கு நடுவே மண்ணில் மறைந்துவிடும். தண்ணீர் கொண்டுபோய்விடும் என்ற நம்பிக்கையை அவர்கள் பட்டணத்துக்கும் எடுத்து வந்திருந்தார்கள். வாளிக் கக்கூஸைப் பற்றி எல்லோருக்கும் கவனம் இருந்தது. வாளியை எடுக்க வரும் ஆளுக்கு வழி விட்டு நிற்பார்கள். லோங்காங்கைப் பற்றித்தான் யாரும் நினைக்கவில்லை. அது கண்ணுக்கு முன்னால் ஓடிப்போய்க்கொண்டே இருந்தது.

ஓடாமல் நிற்பது எங்கள் வீட்டில் மட்டும்தான் தெரியும். எண்ணெய் குழாய்க்குள் போய்க் குளிர்ந்து, மெழுகு மாதிரி உறைந்துகொள்ளும். அதில் சோறு ஒட்டும். சோற்றில் நார் ஒட்டும். மழை பெய்து கடலும் ஏறியிருக்கும் நாளில் ஆற்றுக்குத் தண்ணீர் போகாது, குழாயும் வாங்காது. ஆறு வீட்டுத் தண்ணீரும் திரும்பி எங்கள் குளியலறைக்குள் வந்து நிற்கும். நான் மூங்கில் பிளாச்சால் குத்தி விடுவேன். ஒரு வாரம் ஓடும். மறுபடியும் நிற்கும்.

எங்கள் முதல் குழந்தை ஆண் குழந்தை. தவழும் முன்பே வயிற்றுப்போக்கில் போய்விட்டான். அந்த வாரம் நல்ல மழை. குளியலறைக்குள் ஏறிய தண்ணீர், அவனைக் குளிப்பாட்டும் கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. என் மனைவியும் சொல்லவில்லை. சில நாள் கழித்து நான் வேலையிலிருந்து வந்தபோது அந்தக் கல்லைக் காணவில்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருடம் அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். கொடி கட்டும் பரபரப்பில் ஊரே இருந்தது. நான் வேலை செய்த மளிகைக்கடையில் காகிதக் கொடிகள் விற்றுத் தீர்ந்தன. எங்கள் வீட்டில் பேச்சு வேறு. பிரசவம் பார்க்கும் மிஸ்ஸி சைக்கிளில் வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, குளியலறை வாசலில் நின்றார். சுவரில் தண்ணீர் ஏறிய கறை இருந்தது.

"இதுவரைக்கும் ஏறுதா?" என்றார்.

"மழ பேஞ்சா ஏறும் மிஸ்ஸி," என்றாள் என் மனைவி.

"தீபாவளிய ஒட்டிப் பொறக்கும்போல இருக்கு. மழைக்காலம். அமாவாச வேற, கடல் ஏறும். லோங்காங் தண்ணி நிக்கிற எடத்துல பிள்ளைய வச்சிக் குளிப்பாட்டக் கூடாதும்மா. இத மொதல்ல பாருங்க."

மிஸ்ஸி போன பிறகு அவள் என்னிடம் சொன்னாள். "நீங்க போய் அக்கம் பக்கத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. எண்ணெயும் சோறும் லோங்காங்குல போடாதீங்கன்னு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது மலையாக இருந்தது. கடையில் பருப்பு கேட்டால் நிறுத்துக் கொடுப்பேன். பேச வேண்டியதை முதலாளி பேசிக்கொள்வார். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு நின்றவன். படிப்பு குறைவு என்பதால் வந்த கூச்சம் இல்லை இது. பள்ளியிலும் அப்படித்தான் இருந்தேன். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளைப் பார்த்து, "அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிப் பழகினேன். மூட்டைகள் தப்பாக நினைக்கவில்லை.

சாயங்காலம் வடைக்கார அக்காவின் பின்வாசலுக்குப் போனேன். அவர் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"என்னா தம்பி, அதிசயமா இருக்கு! வழி தவறிட்டியா?"

"இல்லக்கா. ஒரு சின்ன விசயம்..."

"அவளுக்கு வடை கேக்குதா? மாசமா இருக்கறவ வாய் கேக்கத்தான் செய்யும். அதுக்கு ஏன்பா இப்படித் தூணப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற? இந்தா, சூடா இருக்கு."

வடையோடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் செட்டி அம்மாவிடம் போனேன். அவர் எங்களைப் போல் நெற்றியில் திருநீறு பூசுவார், எங்களோடு கோயிலுக்கு வருவார். பல தலைமுறைக்கு முன்பே இந்த ஊரில் வேரூன்றிய செட்டிக் குடும்பம், பேசுவது மட்டும் மலாய். நான் வாசலில் நின்று கையைப் பிசைந்ததைப் பார்த்து, "தா பாயா மாலு," என்று சிரித்தார். வெட்கப்பட வேண்டாம் என்று அர்த்தம். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் அதைத்தான் சொல்வார். பிறகு ஒரு வாழையிலைப் பொட்டலத்தைக் கையில் வைத்தார். அதையும் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தேன்.

"சொல்லிட்டு வாங்கன்னு அனுப்பினா, திங்க வாங்கிட்டு வரீங்க. லோரிக்காரர்கிட்டயும் போயிட்டு வாங்க. கருவாடு குடுப்பாரு," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தாள்.

பேச முடியாதவன் செய்து காட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. கடையில் காலி பால்மாவு டின்கள் கிடந்தன. முதலாளியிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். ஓரத்தில் துளை போட்டு, மாட்டுவதற்குக் கயிறு கட்டினேன். ஆடித் திருவிழாவுக்கு விற்க மஞ்சள் தோய்த்த கயிற்றில் ஒரு சுருள் மிச்சம் இருந்தது. நல்ல கெட்டிக் கயிறு. அதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. காலையில் வேலைக்குப் போகும் முன், ஐந்து வீட்டுப் பின்வாசலிலும் லோங்காங்குக்கு மேலே ஓர் ஆணி அடித்து, டின்னை மாட்டினேன். லோங்காங்குக்கு நேர் மேலே டின் தொங்கினால், போட வேண்டியதை அதில் போட வேண்டும் என்று யாருக்கும் புரியும் என நினைத்தேன். அன்று வெள்ளிக்கிழமை.

மாலையில் வந்து பார்த்தபோது, ஐந்து டின்னிலும் ஏதோ இருந்தது. சந்தோஷமாகப் போய் எட்டிப் பார்த்தேன். செட்டி அம்மாவின் டின்னில் பச்சரிசி, அதன்மேல் ஒரு செம்பருத்திப் பூ. இரண்டாம் வீட்டு டின்னில் அரிசி. ஐந்தாம் வீட்டு டின்னில் அரிசியும் ஒரு வெல்லக்கட்டியும். லோரிக்காரர் வீட்டில் அரிசி தீர்ந்துபோயிருக்க வேண்டும். அவருடைய டின்னில் இரண்டு கோழி முட்டைகள் இருந்தன.

வடைக்கார அக்கா வெளியே வந்தார். அவருடைய டின் விளிம்பு வரை அரிசியால் நிறைந்திருந்தது.

"வாயத் தொறந்து கேக்க ஒனக்கு வெக்கம். அதான் டின்ன மாட்டிட்டுப் போயிட்டே, என்ன? மஞ்சக் கயிறப் பாத்ததுமே தெரிஞ்சிக்கிட்டேன். மகமாயிக்கு மடிப்பிச்சதானே?"

அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் மஞ்சள் துணியோடு வீடு வீடாக அரிசி கேட்டு வருவது எங்களுக்குள் வழக்கம். கேட்டவர்க்கு இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் புள்ளைய நானுந்தான் தூக்கியிருக்கேன் தம்பி. இது நல்லபடியா பொறக்கும். நீ பயப்படாதே," என்றார்.

நான் தலையை ஆட்டினேன். ஐந்து டின்களையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நடந்ததைச் சொன்னதும் என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்தாள். முட்டைகளைப் பார்த்து மறுபடியும் சிரித்தாள். பிறகு அக்கா சொன்னதைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. அரிசிக்குள் கையை விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"இவ்வளவு அரிசி குடுத்தவங்ககிட்டப் போயி, இது மீன் தலை போடற டின்னுன்னு யாரு சொல்றது?" என்றாள்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றேன்.

"நீங்க எங்க சொல்லப் போறீங்க!"

அவள் முகம் கழுவி, சாமி படத்துக்கு விளக்கேற்றி, கண்ணை மூடி நின்றாள். வெகுநேரம் நின்றாள். திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது.

"வேண்டிக்கிட்டேன். இப்ப நெசமாவே நேர்த்திக்கடன்தான். பொய் இல்ல," என்றாள்.

மறுநாள் அந்த அரிசியையும் வெல்லத்தையும் போட்டுப் பொங்கல் வைத்தாள். நிறைமாதத்துக்கு நெருங்கிய வயிற்றோடு அவள் முன்னே நடக்க, நான் பானையைத் தூக்கிக்கொண்டு பின்னே போனேன். முதலில் வடைக்கார அக்கா வீடு.

"அக்கா, நேர்த்தி அரிசியோட முடியல. இன்னொண்ணும் இருக்கு," என்றாள்.

"சொல்லுடி. தீ மிதிக்கணுமா?"

"லோங்காங்குல தண்ணியத் தவிர வேற எதுவும் போகக் கூடாது. எண்ணெ, சோறு, தேங்காச் சக்க, சாம்பல், சீப்புல வர்ற முடி, எதுவும். புள்ள பொறந்து, முப்பது நாள் முடிஞ்சி தொட்டில்ல போடற வரைக்கும்."

அக்கா பொங்கலை வாயில் வைத்தபடியே அவளைப் பார்த்தார். "இது எந்தச் சாமிக்குடி இப்படி ஒரு நேர்த்தி?"

"கடைசி வீட்டுச் சாமிக்கு."

"ஓகோ! அப்ப என் வடச்சட்டி எண்ணெய எங்க ஊத்தறது? ஒன் புருசன் தலையிலயா?"

"ஆறினதும் ஒரு டின்னுல ஊத்தி வையுங்க. தேங்கா மட்டைய அதுல முக்கி வச்சா, அடுப்பு ஒரே குச்சியில பத்திக்கும். சட்டிய மொதல்ல பழைய தாளால தொடச்சிட்டு, அப்பறம் கழுவுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம், அந்தக் குழாய் இருக்கும் மூலையைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் முகத்தில் தெரிந்தது. அன்றொரு சாயங்காலம் நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது எதற்கு என்பதும் சேர்த்து அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சரி. மகமாயிக்குக் குடுத்த வாக்கு. யாரு மீற முடியும்?" என்றார்.

லோரிக்காரருக்குத்தான் வருத்தம். "மீன் தலையும் போடக் கூடாதா தங்கச்சி? அது தண்ணியில இருந்து வந்ததுதானே, தண்ணியிலயே போகட்டும்னு விட்டேன்."

"தண்ணியில இருந்து வந்தது எங்க வீட்டுக்கு வந்துருதுண்ணே."

"அலமா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "அது ஒங்க வீட்டுலயா வந்து நிக்குது? நான் ஆத்துக்குப் போகுதுன்னுல்ல நினைச்சேன்!"

செட்டி அம்மாவிடம் அவள் பாதி மலாயிலும் பாதி கையாலும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே உள்ளே போய், தேங்காய்ப்பால் வடிக்கும் பழைய சல்லடை ஒன்றைக் கொண்டுவந்தார். தம் குளியலறைத் துளைமேல் அதைக் கவிழ்த்து வைத்துக் காட்டினார். என் மனைவி கைதட்டினாள். அடுத்த சில நாட்களில் ஆறு வீட்டுத் துளைகளுக்கும் ஏதோ ஒரு சல்லடை வந்துவிட்டது.

மஞ்சள் கயிறு கட்டிய டின்களை அவள் கழுவித் துடைத்துச் சாமி படத்துக்குக் கீழே அடுக்கினாள். அந்த ஆணிகளில் நான் வேறு டின்களைக் கம்பி கட்டி மாட்டினேன். மீந்த சோற்றையும் மீன் தலையையும், பன்றி வளர்க்கும் சீனக் கிழவர் சைக்கிளில் வந்து வாங்கிப் போனார். சாம்பல் வாழைக்குப் போனது. மறதியும் இருந்தது. ஒரு நாள் எண்ணெய் வானவில் நெளிந்து வந்தது. நான் சொல்லலாமா வேண்டாமா என்று நிற்கும்போதே, லோரிக்காரர் தம் வாசலிலிருந்து, "அக்கா! நேர்த்தி!" என்று கத்தினார். "தெரியும் போடா! கை மறந்துருச்சி!" என்று அக்காவின் குரல் வந்தது. அதன்பிறகு வரிசையில் யாராவது எதையாவது கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் வந்தாலே, யாராவது ஒருவர் "நேர்த்தி!" என்பார்கள்.

லோங்காங்கில் அரிசி களைந்த வெள்ளைத் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் மட்டும் வந்தன. யார் வீட்டில் என்ன சமையல் என்று எனக்குத் தெரியாமல் போனது.

தீபாவளி நெருங்க நெருங்க எனக்குப் பயம் வந்தது. வரிசை முழுக்க முறுக்கும் அதிரசமும் பொரியும் நாட்கள் அவை. தீபாவளியன்று விடிந்தால் எல்லா வீட்டிலும் எண்ணெய்க் குளியல். தீபாவளிக் காலையில் நான் குளியலறை வாசலிலேயே நின்றேன். சீயக்காய்த் தண்ணீர் பழுப்பாக வந்தது. அதன்மேல் எண்ணெய் கொஞ்சம்தான் மினுங்கியது. குளிக்கும் முன் உடம்பு எண்ணெயைப் பழந்துணியால் துடைத்துவிட வேண்டும் என்று வடைக்கார அக்கா வீடு வீடாகப் போய் உத்தரவு போட்டிருந்தாராம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

பகலில் வானம் கறுத்தது. என் மனைவிக்கு வலி தொடங்கியதும் மழை தொடங்கியதும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. லோரிக்காரர் தம் லோரியிலேயே போய் மிஸ்ஸியைக் கூட்டி வந்தார். மிஸ்ஸி நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் செய்ய ஒன்றும் இல்லை. மூங்கில் பிளாச்சை எடுத்துக்கொண்டு குளியலறையில் நின்றேன். தண்ணீர் லோங்காங்கின் பாதிக்கு ஏறியது. முக்காலுக்கு ஏறியது. கடல் ஏறிக்கொண்டிருக்கும் நேரம். உள்ளே அவள் முனகுவது கேட்டது. தண்ணீர் குளியலறையின் வாய்க்கு வந்து, விளிம்பைத் தொட்டு, அங்கே நின்று ஆடியது.

பின்பக்கம் ஆள் அரவம் கேட்டது. வடைக்கார அக்கா புதுப் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் லோரிக்காரர். அவருக்கும் பின்னால் செட்டி அம்மா, குடையோடு.

"தண்ணி ஏறுதா தம்பி?" என்றார் அக்கா.

"விளிம்புல நிக்குதுக்கா."

மூவரும் குனிந்து பார்த்தார்கள். லோரிக்காரர் என் கையிலிருந்து பிளாச்சை வாங்கி, குழாய்க்குள் விட்டுப் பார்த்தார். அது தடையில்லாமல், அவர் கை தோள் வரை நுழைய, உள்ளே போனது. "குழாய் சுத்தமாத்தான் இருக்கு. கடலுதான் வழி விடல," என்றார். நானும் வெளியே வந்து அவர்களோடு நின்றேன். மழை எங்கள்மேல் பெய்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. அதில் எண்ணெய் இல்லை, சோறு இல்லை. யாருடைய கூந்தலிலிருந்தோ விழுந்த ஒரு மல்லிகைப் பூ மட்டும் விளிம்பில் சுற்றிச் சுற்றி வந்தது.

பிறகு அந்தப் பூ மெல்ல நகர்ந்தது. குழாய்ப் பக்கம் திரும்பியது. உள்ளே போய்விட்டது. கடல் வழி விட்டிருக்க வேண்டும், தண்ணீர் ஒரு விரல் இறங்கியது. அக்கா என் தோளை அழுத்திப் பிடித்தார்.

குழந்தையின் குரல் கேட்டபோது குளியலறைத் தரை காய்ந்துதான் இருந்தது. பெண் குழந்தை. மிஸ்ஸி கதவைத் திறந்து வெந்நீர் கேட்டார். நான் உள்ளே போனேன். என் மனைவி களைத்துக் கிடந்தாள். "ஏறிச்சா?" என்றாள் முதலில். இல்லை என்று தலையாட்டினேன். "அடுப்பங்கரைப் பலகைக்கு அடியில கல்லு இருக்கு. எடுத்துக் கழுவிப் போடுங்க," என்றாள்.

கல் இவ்வளவு நாளும் வீட்டிலேயே இருந்தது. தேங்காய் நாரால் அதை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். நாரைப் பொறுக்கி டின்னில் போட்டேன். வெளியே வந்து அவர்கள் மூவருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று நின்றேன். கையைப் பிசைந்தேன். செட்டி அம்மா என் கன்னத்தைத் தட்டி, "தா பாயா மாலு," என்றார்.

முப்பது முடிந்து தொட்டிலில் போட்ட அன்று வரிசை முழுக்க எங்கள் வீட்டில்தான் இருந்தது. அக்கா தட்டு நிறைய வடை சுட்டுக் கொண்டுவந்தார். குழந்தையைக் கொஞ்சிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"நேர்த்தி இன்னியோட முடியுது, என்ன? நாளையிலேர்ந்து சட்டிய முன்ன மாதிரிக் கவுக்கலாமா?"

எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். தொட்டிலுக்குப் பின்னால் நின்றிருந்த என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

"பல்லு மொளைக்கட்டும்க்கா," என்றேன்.

லோரிக்காரர் உடனே, "ஆமா, பல்லு! அப்பறம் காது குத்தணும்!" என்றார். "பள்ளிக்கூடம் சேக்கணும்!" என்று வேறு யாரோ சொன்னார்கள். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பேசவே தெரியாதுன்னு நினைச்சிருந்தேன். கேட்டியாடி ஒன் புருசன? இவன் பேத்திக்குப் பேத்தி பொறக்கற வரைக்கும் நான் எண்ணெயத் தூக்கிச் சுமக்கணும்போல!"

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது பின்பக்கத்தில் தகரச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அக்கா தம் டின்னைக் கழுவி உதறி, மறுபடியும் ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.